கருவறை முதல் முதுமை வரை: உணவு ஓர் அமானிதம்

 

மனிதனின் முழு ஆயுளையும் அல்லாஹு தஆலா ஸூரா ரூமின் 54-வது வசனத்தில் மூன்று கட்டங்களாகச் சொல்லிக் காட்டுகிறான். பலவீனமான நிலையில் நம்மைப் படைத்தான். அந்தப் பலவீனத்திற்குப் பிறகு பலத்தைக் கொடுத்தான். பலத்திற்குப் பிறகு மறுபடியும் பலவீனத்தையும் நரையையும் கொடுத்தான். தொட்டிலில் கிடந்தபோது நமக்கு ஊட்டிவிட ஒரு கை தேவைப்பட்டது. முதுமையில் கட்டிலில் கிடக்கும்போதும் ஒரு கை தேவைப்படும். நடுவில் இருக்கும் அந்தப் பலமான காலத்தில்தான் 'நமக்கென்ன ஆகப்போகிறது' என்று கண்டதையும் தின்கிறோம்.

ஹலால், ஹராம் பற்றி மிம்பரில் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அல்பகரா 168-ல் அல்லாஹ் ஹலாலாக உண்ணுங்கள் என்பதோடு நிறுத்தவில்லை. தய்யிபாகவும், அதாவது நல்லதாகவும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறான். முதல் வார்த்தைக்கு நாம் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இரண்டாவது வார்த்தைக்குக் காட்டுவதில்லை. கோழியை யார் அறுத்தது என்று கடையில் விசாரிக்கிறோம். அதே கோழியை எத்தனை தடவை காய்ந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று விசாரிப்பதில்லை.

ஷஅபான் மாதம் வந்துவிட்டது. ரமழானுக்குச் சில வாரங்களே இருக்கின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பை இன்று எடுத்துக்கொண்டேன்.

குன்னூரில் தொடங்கிய கதை

நம் நாட்டில் மக்கள் எந்த வயதில் என்ன சாப்பிட வேண்டும் என்பதற்கு அரசு சார்பில் ஒரு வழிகாட்டி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் அது. 1998-ல் முதல் பதிப்பு வந்தது, 2011-ல் திருத்தினார்கள், 2024 மே மாதம் புதிய பதிப்பை 17 நெறிகளோடு வெளியிட்டார்கள். இந்தியாவில் உள்ள மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுமுறையால் வருகிறது என்று அப்போது அறிவித்தார்கள். பாதிக்கும் மேல்!

அந்த நிறுவனம் பிறந்தது ஹைதராபாத்தில் அல்ல, நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் பழுதாகும் நோய் அது. காரணம் என்னவென்றால், அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு சேர்ந்து ஒரு சத்தும் போய்விடுகிறது. அரிசியின் அழகைக் கூட்டப் போய் உயிர்ச்சத்தை இழந்தார்கள். அதே மெக்காரிசன் பின்னாளில் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட பஞ்சாபியர் உணவு முதலிடத்தில் வந்தது. சோற்றை மலையாகக் குவித்து மற்றதை ஓரத்தில் வைக்கும் மதராஸ் மாகாண உணவு கடைசியில் நின்றது. நூறு வருடம் ஆகிறது. நம் தட்டைக் குனிந்து பார்த்தால் அந்த மலை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நூலை வைத்துக் குர்ஆனை மெய்ப்பிக்க நான் வரவில்லை. குர்ஆனுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. இந்த நூலோ இன்னும் சில வருடங்களில் மறுபடியும் திருத்தப்படும். உடல் அல்லாஹ்வின் அமானிதம். உடலுக்கும் உன் மீது ஹக்கு இருக்கிறது என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னது புகாரியில் வருகிறது. அந்த ஹக்கை எப்படி நிறைவேற்றுவது என்று தெரிந்தவர்கள் எழுதியதை வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அந்த வழிகாட்டி ஒரு கணக்குச் சொல்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு, பயறு 85 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய், நெய் 27 கிராம். இது சமைப்பதற்கு முந்தைய எடை. அசைவம் சாப்பிடுவோர் பருப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டை, மீன், இறைச்சி எடுத்துக்கொள்ளலாம். உப்பு ஐந்து கிராமைத் தாண்டக் கூடாது.

கிராமில் சொன்னால் மனதில் நிற்காது. மளிகைச் சீட்டாக மாற்றிப் பார்ப்போம். வீட்டில் நான்கு பெரியவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத்திற்கு அரிசி, கோதுமை 30 கிலோ. இதில் நம்மில் யாரும் குறை வைப்பதில்லை. பருப்பு, பயறு 10 கிலோ. இங்கேதான் இடிக்கிறது. சாம்பாருக்கு ஒரு கைப்பிடி, சட்டினிக்குக் கொஞ்சம் கடலை என்று இரண்டு மூன்று கிலோவில் மாதத்தை ஓட்டும் வீடுகளே அதிகம். ரேஷனில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு தருகிறார்கள். அது மூன்று நாளைக்கு வரும். எண்ணெய் மூன்றேகால் கிலோ, உப்பு அறுநூறு கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர் இவற்றில் இருக்கும் உப்பு அந்தப் பாக்கெட் கணக்கில் வராது. காய்கறியும் பழமும் தினமும் இரண்டு கிலோ வாங்க வேண்டும்.

'ஹஜ்ரத், இவ்வளவு வாங்க வருமானம் வேண்டாமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே சீட்டில் பிஸ்கட், குளிர்பானம், பாக்கெட் நொறுக்கு, பொரிப்பதற்கென்று வாங்கும் கூடுதல் எண்ணெய் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்தப் பணத்தில் முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் வேர்க்கடலையும் எவ்வளவு வரும் என்பதையும் பாருங்கள். உண்மையிலேயே இயலாதவர்களைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

பருப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? அரிசியில் உள்ள புரதத்தில் ஒரு சத்து குறைவு, பருப்பில் உள்ள புரதத்தில் வேறொரு சத்து குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம். நம் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள்! பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், வசதிப்பட்டால் கொஞ்சம் கொத்துக்கறி. நம் முன்னோர் எந்த ஆய்வகத்திலும் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிவாசல் கஞ்சித் தேக்சாவில் இருப்பது நல்ல உணவு. கூடவே வரும் சமோசாவும் வடையும் சாயம் கலந்த சர்பத்தும்தான் சிக்கல். கஞ்சி காய்ச்சும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வருடம் பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள்.

பிள்ளை சுமப்பவளின் தட்டு

இன்று நான் அதிக நேரம் பேச நினைத்தது இதைத்தான்.

நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கும் மேல். அதாவது இங்கே உட்கார்ந்திருக்கும் நம் வீடுகளில், மனைவி, மகள், மருமகள் என்று எண்ணினால் இரண்டு பேரில் ஒருவர். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, முகம் வெளுத்திருக்கிறது. 'சோம்பேறி' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். ரத்தம் குறைவாக உள்ள பெண் பிரசவத்தில் சாதாரண ரத்தப்போக்கைக்கூடத் தாங்க மாட்டாள்.

நம் வீடுகளில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வந்தவர்கள் சாப்பிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பை வழித்து அவள் சாப்பிடுகிறாள். கறியில் நல்ல துண்டு மகனுக்கு, எலும்பு மருமகளுக்கு. இதை மார்க்கம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அல்பகரா 233-வது வசனத்தை நாம் பால்குடி இரண்டு வருடம் என்பதற்காக மட்டும் ஓதுகிறோம். அதே ஆயத்தில், பாலூட்டும் தாய்மாருக்கு முறைப்படி உணவும் உடையும் கொடுப்பது குழந்தையின் தகப்பன் மீது கடமை என்று அல்லாஹ் சொல்கிறான். ஸூரா தலாக் 6-வது வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணாகவே இருந்தாலும், அவள் கர்ப்பமாக இருந்தால் பிரசவம் ஆகும்வரை அவளுக்குச் செலவு செய்யுங்கள் என்று கட்டளையிடுகிறான். பிரிந்து போகிறவளுக்கே இந்த ஹக்கு என்றால், உங்கள் கூரையின் கீழ் உங்கள் பிள்ளையைச் சுமப்பவளுக்கு?

நம் பகுதியில் தலைப்பிரசவத்திற்குப் பெண்ணை ஏழாம் மாதத்தில் தாய்வீட்டிற்கு அனுப்புகிறோம். பெற்றோர் பாசத்தில் செய்வது வேறு. 'இனி எல்லாம் அவர்கள் பாடு' என்று மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொள்வது வேறு. ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் பழத்துக்கும் பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்குகிறார். நாற்பதாம் நாள் தொட்டில், சீர் என்று பட்டியல் நீட்டுகிறோம். சகோதரர்களே, தகப்பன் மீது என்று அல்லாஹ் சொன்ன இடத்தில் பெண்ணைப் பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் நிறுத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட 350 கலோரி கூடுதலாக வேண்டும். பாலூட்டும் முதல் ஆறு மாதம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். இந்த இரண்டாவது கணக்கைக் கவனியுங்கள். பிரசவத்திற்குப் பிறகுதான் அவளுக்குப் பசி அதிகம். நாமோ அப்போதுதான் பத்தியம் என்ற பேரில் கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, தண்ணீர் அதிகம் குடிக்காதே என்று அடைத்துவிடுகிறோம். பூண்டும் சுறாப்புட்டும் கோழிச்சாறும் நல்லவைதான், கொடுங்கள். காயையும் பழத்தையும் தண்ணீரையும் எடுக்காதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். அதை டீயோடு போடக்கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் போடக்கூடாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள் என்கிறது புதிய வழிகாட்டி. டீயில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பிரியாணிக்குப் பின் சுலைமானி இல்லாவிட்டால் நமக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, தெரியும். ஆண்கள் உங்கள் இஷ்டம். வீட்டில் உள்ள கர்ப்பிணிக்கு அந்த நேரத்தில் டீக்குப் பதில் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுங்கள். புளிப்பில் உள்ள சத்து இரும்பைச் சேர்க்க உதவும்.

சேனை, தேன், தஹ்னீக்

குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது, ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம், அதற்குப் பிறகு வீட்டில் மசித்த உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரட்டும். வழிகாட்டி சொல்வது இது. இரண்டு வருடம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

இங்கே பல இளம் தகப்பன்மார் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று. 'ஆஸ்பத்திரியில் எதுவும் கொடுக்காதே என்கிறார்கள், தஹ்னீக் ஸுன்னத்தாயிற்றே?'

அஸ்மா (ரலி) அவர்களுக்கு குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) பிறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று, குழந்தையின் அண்ணத்தில் தடவி, பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. தஹ்னீக் ஸுன்னத் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது அண்ணத்தில் தடவுவது. பாலாடையில் சீனித்தண்ணீர் புகட்டுவதல்ல. ஊரில் சேனை வைப்பது என்று ஒவ்வொருவராக வந்து தேனையும் கற்கண்டுத் தண்ணீரையும் நாக்கில் வைக்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குறிப்பாகத் தேன். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் நம் குடலில் ஒன்றும் செய்யாது. பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் செயலிழந்து மூச்சே நின்றுபோகலாம். தேனில் ஷிஃபா இருக்கிறது என்று ஸூரா நஹ்லில் அல்லாஹ் சொல்லியிருக்கிறானே என்று கேட்கலாம். இருக்கிறது, ஈமான் கொண்டிருக்கிறோம். எந்த வயதுக்கும் எந்த நோய்க்கும் யோசிக்காமல் கொடுங்கள் என்று எந்த முஃபஸ்ஸிரும் எழுதவில்லை. சர்க்கரை நோயாளிக்கும் நாம் அப்படிக் கொடுப்பதில்லை அல்லவா?

ஆக என் ஆலோசனை இது. தாயோ தகப்பனோ கையைச் சோப்பால் நன்றாகக் கழுவி, பேரீச்சம்பழத்தின் ஈரத்தை விரல் நுனியில் துளி அளவு எடுத்து அண்ணத்தில் தடவி துஆச் செய்யுங்கள். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் மென்று பத்து விரல் வைக்க வேண்டாம். குறைமாதக் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தை என்றால் மருத்துவர் அனுமதிக்கும்வரை விட்டுவிடுங்கள், துஆ மட்டும் செய்யுங்கள். ஸுன்னத்தை அலட்சியம் செய்த குற்றம் அதில் வராது.

பிள்ளைகளும் இளைஞர்களும்

சிறுவராக இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் பக்கத்தில் உள்ளதை உண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே தட்டில் கூட உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் கைப்பேசியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நாம் வேறொரு கைப்பேசியோடு. காய் சாப்பிடாத தகப்பனின் பிள்ளை காய் சாப்பிடாது.

உணவுப் பொட்டலத்தின் பின்னால் உள்ளதை வாசித்து வாங்குங்கள் என்பது 17-வது நெறி. மனிதன் தன் உணவைப் பார்க்கட்டும் என்று ஸூரா அபஸவில் வருகிறது. அந்த ஆயத்துக்கு லேபிளை வாசி என்று நான் தஃப்ஸீர் சொல்ல மாட்டேன். மழை பொழிந்து, மண் பிளந்து, தானியமும் திராட்சையும் கீரையும் ஒலிவமும் பேரீச்சையும் கனிகளும் எப்படி முளைத்து வந்தன என்று பார்க்கச் சொல்கிறான் அல்லாஹ். ஆனால் அப்படிப் பார்க்கப் பழகியவன், மண்ணிலிருந்து வந்த அடையாளமே தெரியாத ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் தயங்குவான். ஹலால் முத்திரை இருக்கிறது என்பதற்காக நூடுல்ஸில் உள்ள உப்பு குறைந்துவிடாது.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பலமான முஃமின் சிறந்தவன் என்ற ஹதீஸை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டிருக்கிறீர்கள், மாஷா அல்லாஹ். புரதப் பவுடர் டப்பாவுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். தசை வளர்க்க அந்தப் பவுடரைத் தவிர்க்கும்படியே வழிகாட்டி சொல்கிறது. முட்டை, மீன், பயறு, வேர்க்கடலை, பால் போதும். மிச்சப்படும் பணத்தில் உங்கள் தங்கைக்கும் முட்டை வாங்குங்கள். பருவமடைந்த பெண்பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் போகிறது, இரும்புச்சத்து உங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் தேவை.

விருந்து

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். நம் மஹல்லாவில் ஜனாஸா தொழவைக்கும்போது வயதைக் கேட்கிறேன். நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்கிறார்கள். மாரடைப்பு. கிட்னி. கத்ர் அல்லாஹ்வுடையது, அதில் பேச்சில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது கொடுத்த வலீமாவில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும்தான் இருந்தன. இறைச்சியோ ரொட்டியோ அன்று இல்லை. நம் வலீமாவில் பிரியாணி, சிக்கன் பொரியல், பரோட்டா, பிர்னி, ஐஸ்கிரீம், இவற்றோடு குளிர்பானம். சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை. வயிற்றைவிடக் கெட்ட பாத்திரம் எதையும் மனிதன் நிரப்பவில்லை, முதுகை நிமிர்த்த சில கவளங்கள் போதும், முடியாவிட்டால் மூன்றில் ஒன்று உணவு, ஒன்று நீர், ஒன்று மூச்சு என்ற கருத்தில் மிக்தாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. இந்த ஹதீஸை அநேகமாக எல்லா வலீமாவிலும் சாப்பாட்டுக்கு முன் நாங்கள் சொல்கிறோம். பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

ஒரு தையற்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட குழம்பும் வைத்தார். தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்து உண்டதைப் பார்த்த அனஸ் (ரலி), அன்று முதல் தனக்கும் சுரைக்காய் பிடித்துப்போனதாகச் சொல்கிறார்கள். நாம் தால்சாவில் கறி எலும்பைத் தேடிவிட்டு சுரைக்காயை ஓரம் கட்டுகிறோம்!

மீண்டும் பலவீனம்

'வாப்பாவுக்கு வயசாகிவிட்டது, கஞ்சி போதும்' என்று சொல்லாத வீடு குறைவு. வயதானவருக்குக் குறைவது பசியும் பல்லும்தான். புரதத்தின் தேவை குறைவதில்லை. வெறும் அரிசிக் கஞ்சியிலேயே நாட்களை ஓட்டினால் தசை கரைந்து, குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிடுகிறார். குழைந்த பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், தயிர், மசித்த காய், கனிந்த பப்பாளி என்று கொடுக்க வேண்டும். தாகம் தெரியாது, ஆகவே தண்ணீரைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். இதற்குப் பணத்தைவிடப் பக்கத்தில் உட்காரும் பத்து நிமிடம்தான் அதிகம் தேவை. துபாயிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, தனியாக உட்கார்ந்து ரஸ்க்கை டீயில் நனைத்துச் சாப்பிட்டுப் படுக்கிறார் உம்மா.

நோன்பு விஷயத்தில் பெரியவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். அதை ஏற்பது ஈமானில் குறைவு அல்ல. சர்க்கரைக்கு இன்சுலின் போடுவோரும் மாத்திரை சாப்பிடுவோரும் ரமழானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள், நோன்பு வைக்கலாமா என்பதையும் கேளுங்கள். நோன்பில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. 'மஃரிபுக்கு இன்னும் அரை மணிதானே' என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் சலுகை உண்டு. களா, ஃபித்யா விபரம் மத்ஹபுக்கு மத்ஹபு சற்று மாறும், ஆகவே தனியாக வந்து கேளுங்கள்.

ரமழான் பை

இயலாதவர்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். வருடாவருடம் நம் பள்ளியிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு ரமழான் பை கொடுக்கிறோம். அரிசி, மைதா, சீனி, சேமியா, டால்டா, எண்ணெய், டீத்தூள். நிய்யத் நல்லது, அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆனால் அந்த வீட்டில் அரிசி ரேஷனில் கிடைக்கிறது. இல்லாதது பருப்பு, முட்டை, பால், பழம். விரும்புவதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய முடியாது என்று ஆலு இம்ரான் 92-ல் வருகிறது. நம் வீட்டுச் சஹரில் எதை விரும்பி வைக்கிறோமோ அது அந்தப் பையிலும் இருக்கட்டும்.

நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். இந்த வருடம் மைதா, டால்டாவை எடுத்துவிட்டு, துவரம் பருப்பு இரண்டு கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ, கொண்டைக்கடலை, வேர்க்கடலை தலா ஒரு கிலோ, பேரீச்சம்பழம் அரைக் கிலோ சேர்க்கிறோம். கர்ப்பிணியோ கைக்குழந்தைக்காரரோ உள்ள வீடுகளுக்கு முப்பது முட்டைக்கான அட்டையும் தனியாகத் தருவோம், கடைக்காரரிடம் வாரம் வாரம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பைக்குப் பொறுப்பேற்பவர்கள் தொழுகைக்குப் பின் முஅத்தினிடம் பெயர் கொடுங்கள். அப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவில் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், பெயர் வெளியே வராது.

நம் மஹல்லாவில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு அல்லாஹ் சுகப்பிரசவத்தைத் தருவானாக. டயாலிஸிஸில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.